68 வயது அப்பாவுக்கு மருத்துவக் காப்பீடு: எழுத்தில் மறுப்புக் கடிதம் வாங்குவது எப்படி?

தஞ்சாவூரில் இருக்கும் என் அப்பாவுக்கு எந்த நிறுவனமும் புதிதாக மருத்துவக் காப்பீடு தர முன்வரவில்லை. வயது 68. இரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை, சர்க்கரை இல்லை. 2022-இல் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது, அவ்வளவுதான். காலையில் பெரிய கோயில் வரை நடந்து போய் வருகிறவர்.

புதிய பாலிசிக்கு 65 வயது என்று இருந்த வரம்பை 2024 ஏப்ரலிலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எடுத்துவிட்டது. முகவரிடம் இதைச் சொன்னால், "விதி இருக்கலாம் சார், இந்த வயதுக்கு மேலிடத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்" என்கிறார். அதுவும் அப்பாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து! இன்னொரு நிறுவனத்தின் இணையதளத்தில் பிறந்த தேதியைப் போட்டதும் "எங்கள் பிரதிநிதி அழைப்பார்" என்று வந்தது. யாரும் அழைக்கவில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணிலும் கிளையைப் பார்க்கச் சொல்கிறார்கள். கிளையில் விண்ணப்பப் படிவத்தையே கையில் வாங்குவதில்லை.

மத்திய அரசின் ஆயுஷ்மான் மருத்துவ அட்டைக்கு 70 வயது ஆக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு எங்கள் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டுகிறது. பிரீமியம் கூடுதலானாலும், பழைய நோய்க்குச் சில காலம் பணம் தராத காத்திருப்புக் காலம் வைத்தாலும் எங்களுக்குச் சம்மதமே.

ஆணையத்தின் புகார் தளமான பீமா பரோசாவில் புகார் செய்யலாம் என்று பார்த்தால், காட்டுவதற்கு என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. எல்லாம் வாய்மொழி மறுப்பு. விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, காரணத்துடன் எழுத்துப்பூர்வமான பதிலை யாராவது வாங்கியிருக்கிறீர்களா, விண்ணப்பத்தைக் கிளைக்கு அனுப்பினீர்களா, தலைமை அலுவலகத்துக்கா?