கதையின் கரு பாட்டியின் பேச்சில் மட்டும்தான் இருக்கிறது: வழி சொல்லுங்கள்

குறுநாவல் ஒன்று எழுதுகிறேன். எட்டு மாதமாகிறது, இது மூன்றாவது வரைவு, சுமார் 18,000 சொற்கள். களம் மேட்டூர் அணை நீர்த்தேக்கக் கரையில் உள்ள பண்ணவாடி. 1934-இல் முடிந்த மேட்டூர் அணைக்காக ஊரைவிட்டு வெளியேறிய ஒரு குடும்பம். அணையின் நீர்மட்டம் நன்றாக இறங்கினால் மூழ்கிய பழைய கோயிலின் நந்தி வெளியே தெரியுமே, அந்த நாளில் கதை தொடங்குகிறது.

மூழ்கிய மண் யாருக்குச் சொந்தம் என்பதுதான் கரு. ஆனால் பாட்டி வாய் திறக்கும்போது மட்டுமே அது தெரிகிறது. படித்த மூன்று பேரும் "கட்டுரை மாதிரி இருக்கிறது" என்றார்கள்.

பாட்டியின் வசனங்களைப் பாதியாக வெட்டினேன், கருவே காணாமல் போனது. பழைய வீட்டுச் சாவியைக் குறியீடாக வைத்தேன், ஒட்டவில்லை. அப்புறம் பேரனின் பார்வைக்கு மாற்றினேன். அவன் தண்ணீர் வற்றிய தரையில் கம்பு விதைக்கிறான். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் ஏறிவருகிறது. முழங்கால் ஆழத்தில் நின்று பச்சைக் கதிரை அறுக்கிறான். அந்த ஒரு காட்சி மட்டும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அது கடைசி அத்தியாயம்.

முதல் நான்கு அத்தியாயங்களிலும் யாரும் பேசாமலே இந்தக் கரு தெரிய, பேரனை என்ன செய்ய வைக்கலாம்?