கலைச்சொல் உதவி: "இன்சுலின் எதிர்ப்பு" சரியா? (நாளை அச்சு)

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
வணக்கம். நவம்பர் 14 நீரிழிவு நாளுக்காக நோயாளிகளுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். "இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்" என்ற இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசையும் கல்லீரலும் அதைச் சட்டை செய்வதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது. அதுவும் முடியாமல் போகும்போது இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. வழக்கில் உள்ள "இன்சுலின் எதிர்ப்பு" என்பதை என் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "நோய் எதிர்ப்பு மாதிரியா? அப்ப நல்லதுதானே!" என்றார்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:
அத்தை சொன்னதில் இலக்கணப் பிழை இல்லை. இரண்டும் இரண்டாம் வேற்றுமைத் தொகை. அது இருக்கட்டும், "இன்சுலின்" மட்டும் எதற்கு? லத்தீனில் இன்சுலா என்றால் தீவு. 1869இல் லாங்கர்ஹான்ஸ் கணையத்தில் கண்ட திட்டுகளை வைத்து வந்த பெயர். "திட்டுநீர்" எனலாமே? ஹார்மோனுக்கு "இயக்குநீர்" என்று ஏற்கெனவே இருக்கிறது.

உயிரியல் ஆசிரியை, பாளையங்கோட்டை:
ஐயா, திட்டுநீர் என்றால் டாக்டர் திட்டுவது என்றுதான் நினைப்பார்கள். தவிர, அதே திட்டுகளின் ஆல்ஃபா செல்களில்தான் குளுக்ககானும் சுரக்கிறது. கல்லீரல் சேமித்த சர்க்கரையை இரத்தத்தில் இறக்கிவிடும் எதிர்வேலை அதனுடையது. உண்மையில் "இன்சுலின் எதிர்ப்பு" என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும்! என் வாக்கு "இன்சுலின் மரப்பு". மரத்துப்போன கையைத் தொட்டால் தெரியாதே, அதுபோல.

பொறியாளர், யாழ்ப்பாணம்:
வடிவான சொல், ரீச்சர். ஆனால் சீனி வருத்தக்காரருக்கு நரம்பு பழுதாகிக் கால் உண்மையாகவே மரக்குமே. அடுத்த பக்கத்தில் அதுவும் வரும் அல்லவா? அச்சில் "மறப்பு" என்று விழுந்தால் ஊசி போட மறந்தவர் கதையாகிவிடும். மின்னியலில் ரெசிஸ்டன்ஸை மின்தடை என்கிறோமே, அதுபோல "இன்சுலின் தடை" போதாதா?

தமிழாசிரியர்:
மரத்தல் "மரம்" என்பதிலிருந்து பிறந்ததா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். தனி மடல் எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, அதற்குள் அச்சகம் மூடிவிடும். "தடை" என்றால் டாக்டர் இன்சுலின் போடக் கூடாது என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். வேறு வழியில்லை, "எதிர்ப்பு" என்றே விட்டுவிட்டு, கீழே "இன்சுலின் இருந்தும் உடல் அதற்கு மசியாத நிலை" என்று ஒரு வரி சேர்க்கிறேன். மறுப்பு உண்டா?

பொறியாளர்:
இல்லை. களைத்துப்போனோம்.

உயிரியல் ஆசிரியை:
அந்த வரியிலேயே சொல் இருக்கிறதே! "இன்சுலின் மசியாமை".

தமிழாசிரியர்:
அப்படியானால் மசியாதது இன்சுலின் என்றாகிவிடும், அம்மா. "கு" உருபை விடக் கூடாது.

உயிரியல் ஆசிரியை:
சரி ஐயா. வகுப்பில் நான் "மசியாமை" என்றுதான் சொல்லப்போகிறேன்.