வீட்டுக்கல்வி அனுபவங்கள்: பாட்டும் கதையுமாகப் படிக்கும் பிள்ளைகளோடு மறக்காத ஒரு நாள்

தூத்துக்குடி அம்மா:
போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம். மகளுக்கு அப்போது ஆறு வயது. தினமும் காலையில் ஒரு பாட்டு, ஒரு கதை, அப்புறம் கொஞ்ச நேரம் வரைவது, இதுதான் எங்கள் வழக்கம். அந்த வாரம் சத்திமுத்தப் புலவரின் ‘நாராய் நாராய் செங்கால் நாராய்’. நாரையின் அலகை, ‘பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்’ (பனங்கிழங்கைப் பிளந்தது போன்ற பவள நிறக் கூரிய அலகு) என்று சொல்கிற பாட்டு. பொருள் எதுவும் சொல்லாமல் வாசிக்க மட்டும் செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மஞ்சளும் உப்பும் போட்டுப் பனங்கிழங்கு அவித்தேன். ஒன்றை நீளவாக்கில் பிளந்து, நடுக்குருத்தை எடுத்துவிட்டு அவள் கையில் கொடுத்தேன். தின்னாமல் இரண்டு பாதியையும் மூக்குக்கு முன்னால் சேர்த்துப் பிடித்து, திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். “அம்மா, கிழங்கு பிளந்தன்ன!” என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆமாடா, இதுக்குப் பேர்தான் உவமை, ‘அன்ன’ன்னு வந்தா…” என்று ஆரம்பித்தேன். கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

திருப்பூர் அப்பா:
பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஓர் ஆசிரியர் வந்திருந்தார். நல்ல மனிதர். திண்ணையில் உட்கார்ந்து என் பையனிடம், “அ, ஆ சொல்லு தம்பி” என்றார். அவன் “அச்சம் தவிர், ஆண்மை தவறேல், இளைத்தல் இகழ்ச்சி” என்று ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு அ, ஆ என்றாலே பாரதியின் புதிய ஆத்திசூடிதான். “ஈகை திறன்” என்று அவன் மூச்சு வாங்கியபோது “உடலினை உறுதிசெய்” என்று அவரே எடுத்துக்கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்ச தூரம் போனார்கள். அப்புறம் அவர் குனிந்து, பையன் பெயருக்கு நேரே ‘பள்ளியில் சேராதவர்’ என்று எழுதினார். வேறு கட்டம் அந்தத் தாளில் இல்லை. பையன் எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டி அதை வாசித்தான். அவன் தானாக வாசித்த முதல் முழு வரி அதுதான்.

பறவை பார்ப்பவன்:
தூத்துக்குடி அம்மாவுக்கு: நீங்கள் விளக்கியதில் தப்பே இல்லை. விளக்காமல் விட்டதால் நான் பட்டதைச் சொல்கிறேன். இதே பாட்டோடு மகனைக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போனேன். மரம் நிறைய நாரைகள். தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, “அப்பா, வாய் மஞ்சளா இருக்கு. பாட்டு பொய்” என்றான். அங்கே அவன் பார்த்தது மஞ்சள் மூக்கு நாரை. புலவர் சொல்வது வேறு பறவையாக இருக்க வேண்டும். அலகும் காலும் நல்ல சிவப்பாக உள்ள வெண்ணாரை ஒன்று உண்டு, குளிர்காலத்தில் நம் நாட்டுக்கு வந்து, கோடை தொடங்கும்போது வடக்கே திரும்பிவிடும். தென்திசைக் குமரியாடி வடதிசைக்கு ஏகுவீராயின் என்ற வரி அதற்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. “சும்மா பாரு” என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் எந்தப் பாட்டை எடுத்தாலும் “இது நிஜமா?” என்றுதான் முதலில் கேட்கிறான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
திருப்பூர் தம்பி, அந்தக் கட்டத்தை நினைத்து மனசு உடைய வேண்டாம். 2009ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியது. வீட்டில் கற்பதற்கென்று அதில் தனிப் பிரிவு கிடையாது. அதனால்தான் தாளிலும் கட்டம் இல்லை. தேர்வு வேண்டுமென்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அதில் அடிப்படைக் கல்வி மூன்று நிலை: மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்புக்குச் சமம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழை இப்போதே சரிபார்த்து வையுங்கள், பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் அலைய வேண்டிவரும். வாசித்தது, வரைந்தது எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை யாராவது வந்தால் அதைக் காட்டலாம். அப்புறம், பாட்டைக் கேட்டவுடனே “என்ன புரிஞ்சுது?” என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்காதீர்கள். முப்பது வருஷம் வகுப்பில் அதைத்தான் கேட்டேன், அதனால் சொல்கிறேன்.

என் பேத்தி கதை சின்னதுதான். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு சிற்பம். யானையைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். கீழே தவம் செய்கிற பூனையையும் அதைச் சுற்றி நிற்கிற எலிகளையும் கண்டுபிடித்துவிட்டாள். வெயிலில் அதே மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

தூத்துக்குடி அம்மா:
பறவை பார்ப்பவருக்கு நன்றி, சிவந்த அலகுள்ள வெண்ணாரை விஷயம் எனக்கும் புதிது. ஆனால் விளக்கியதில் தப்பில்லை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் அங்கே இல்லை. இந்தத் தையிலும் கிழங்கு அவித்தேன். பிளந்து கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குருத்தை அவளே எடுத்துப் போட்டுவிட்டுத் தின்றாள். “இன்னொண்ணு இருக்கா?” என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.