எங்க அடுக்ககத்துல தண்ணி மீட்டர்: செலவு குறையுமா, சண்டை கூடுமா?

கணக்குப்புள்ள (பெரும்பாக்கம்):
எங்க குடியிருப்புக்கு மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) குழாய் இன்னும் வரல. ரெண்டு போர் இருக்கு, கோடை வந்தா ரெண்டும் காத்துதான். மத்ததெல்லாம் லாரி. இதுவரைக்கும் தண்ணிச் செலவை மெயின்டனன்ஸோட சேர்த்து சதுர அடிக் கணக்குல பிரிச்சோம். இப்போ சங்கத்துல தீர்மானம் கொண்டு வரோம்: வீட்டுக்கு வீடு மீட்டர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் வரைக்கும் லாரி அடக்க விலை, அதுக்கு மேல ரெட்டிப்பு. 135 நாங்களா இட்டுக்கட்டினது இல்ல. நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் போட மத்திய அரசு வச்சிருக்கிற அளவு. 12,000 லிட்டர் லாரி ஒண்ணு அந்தக் கணக்குல 88 பேருக்கு ஒரு நாள்தான் வரும். ஞாயித்துக்கிழமை பொதுக்குழு. எதிர்ப்பு பலமா இருக்கு, ஏன்னுதான் புரியல.

மூணாம்மாடி (மடிப்பாக்கம்):
நான் சொல்றேன். எங்க வீட்ல மாமியார் படுத்த படுக்கை. விரிப்பு, துணி எல்லாம் தினம் துவைச்சாகணும். எதிர் வீட்ல ஐடி தம்பி ஒருத்தர், காலைல போனா ராத்திரிதான் வருவார். குளியல் ஜிம்ல, சாப்பாடு ஆபீஸ்ல. உங்க மீட்டர்ல அவர் உத்தமர், நான் ஊதாரி. அவர் ஜிம்ல கொட்டுற தண்ணி யார் கணக்குல ஏறும்?

கணக்குப்புள்ள:
ஆள் கணக்குத்தானே அக்கா போடறோம். முடியாதவங்க இருக்கிற வீட்டுக்கு விலக்கு வச்சுட்டா போச்சு.

மூணாம்மாடி:
விலக்குக்கு யார்கிட்ட எழுதிக் கொடுக்கணும்? செக்ரட்டரிகிட்டயா? எங்க அத்தைக்கு ராத்திரி என்னென்ன ஆகுதுன்னு மனுவுல விவரிக்கணுமா? அப்புறம் மாசக் கடைசில அதிகம் செலவழிச்ச வீடுன்னு வாட்ஸ்அப் குரூப்ல பட்டியல் வரும். வராதுன்னு சொல்லுங்க பார்ப்போம்.

கணக்குப்புள்ள:
வந்தா என்ன? 2018ல கேப்டவுன்ல அணையெல்லாம் வத்தினப்போ ஆளுக்கு 50 லிட்டர்னு வரம்பு வச்சாங்க. அளவோட செலவழிக்கிற வீடுகளுக்கு இணைய வரைபடத்துல பச்சைப் புள்ளி. நகரத்தோட செலவு நிஜமாவே இறங்குச்சு, குழாயை மொத்தமா மூடற நாள் வரவே இல்ல.

மூணாம்மாடி:
அங்க அணை வத்தின ஆபத்து. உங்க தீர்மானம் எப்பவுமே இருக்கப் போறது. தீ பிடிச்ச வீட்ல எல்லாரும் வாளி தூக்குவாங்க, அதுக்காக தினம் தூக்கச் சொன்னா எப்படி?

குழாய்ப்பாண்டி (அம்பத்தூர்):
நான் பிளம்பிங் காண்ட்ராக்ட் எடுக்கறவன். மீட்டர் மீட்டர்னு பேசறவங்க முதல்ல மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்க. பழைய கட்டடத்துல ஒரு வீட்டுக்கு ஒரே குழாய் வராது. பாத்ரூமுக்கு ஒண்ணு, இன்னொரு பாத்ரூமுக்கு ஒண்ணு, சமையக்கட்டு, வாஷிங் மெஷின் பக்கம்னு தொட்டில இருந்து தனித்தனியா இறங்கும், ஒவ்வொண்ணும் மேல இருந்து கீழ வரைக்கும் எல்லா வீட்டுக்கும் பொது. அப்ப வீட்டுக்கு நாலு மீட்டர் வேணும். அந்தக் காசுக்கு எத்தனையோ செய்யலாம். குழாய் வாய்ல ஏரேட்டர் (காத்தைக் கலந்து தண்ணி வேகத்தைக் குறைக்கிற சல்லடை) மாட்டுங்க, பாதித் தண்ணி அப்படியே மிச்சம். பெங்களூர்ல 2024 மார்ச்ல அடுக்ககம், ஹோட்டல் எல்லாத்துக்கும் கட்டாயம்னே ஆக்கிட்டாங்க. பழைய ஃபிளஷ் டேங்க் ஒரு தடவைக்கு 10 லிட்டர் இழுக்கும். மூணு, ஆறுன்னு ரெட்டைப் பட்டன் வச்சதை மாத்துங்க. ஆர்.ஓ. மெஷின் துப்பற தண்ணியை வாளில பிடிச்சா மாப் போட ஆச்சு. இதுல எதுக்கும் பொதுக்குழு வேண்டாம்.

கிணத்தடி (மயிலாப்பூர்):
எல்லாரும் குறைக்கறதையே பேசறீங்க, வானத்துல இருந்து வர்றதை யாரும் பேசல. சென்னைக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடிக் கூரைல விழற தண்ணி கிட்டத்தட்ட 1,30,000 லிட்டர், லாரிக் கணக்குல பத்துக்கு மேல. 2003ல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினப்போ பயந்துக்கிட்டாவது எல்லாரும் குழி தோண்டினாங்க. எங்க கிணறு அதுக்கப்புறம்தான் உசிர் பிடிச்சது. இப்போ எத்தனை பேர் அந்தக் குழியைத் தூர் வாரறீங்க?

கணக்குப்புள்ள:
ஐயா, உங்க ஊர் மணல், இழுத்துக்கும். எங்களுது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டின களிமண். அதோட உங்க கூரைக்குக் கீழ ஒரு குடும்பம், எங்க கூரைக்குக் கீழ எட்டு மாடி. மழைத் தண்ணியை எட்டால வகுத்துட்டுச் சொல்லுங்க.

கிணத்தடி:
களிமண்ணா இருந்தா தொட்டி கட்டிச் சேமிங்க. வகுத்து வந்தது கொஞ்சம்னு சொல்லி வர்றதையும் சாக்கடைல விடறதா கணக்கு?

வியாசர்பாடியான்:
135ஆ! குடம் 15 லிட்டர்னு வைங்க, ஆளுக்கு ஒம்போது குடம். நாலு பேர் இருக்கற வீட்டுக்கு முப்பத்தாறு. எங்க தெருவுல அவ்ளோ தண்ணி எவன் வீட்டுக்கும் ஏறினதில்ல. 2019ல ஏரியெல்லாம் காஞ்சப்போ, தினம் 83 கோடி லிட்டர் குடுத்துட்டிருந்த ஊருக்கு 52.5 கோடிதான் விட்டாங்க. அதுக்கு எந்தப் பொதுக்குழுவும் கூடல. லாரி வர்ற நேரத்துக்கு வேலையை விட்டுட்டு நின்னோம், அவ்ளோதான். ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல 25 லட்சம் லிட்டர் வந்ததுக்குத் தோரணம் கட்டி டிவில காட்டினாங்க. நீங்க ரெட்டிப்பு விலைன்னு மிரட்டிக் கொண்டு வரப் போற அளவுக்குக் கீழதான் நாங்க எப்பவும் இருக்கோம். அண்ணே, ஒண்ணு கேக்கறேன், உங்க லாரி எந்த ஊர் கிணத்துல ரொப்புது?

கணக்குப்புள்ள:
அதைத்தானே நானும் சொல்றேன் தம்பி. ரெண்டு லாரி குறைஞ்சா ஏதோ ஒரு கிராமத்துக் கிணத்துல அது மிஞ்சும்.

வியாசர்பாடியான்:
மிஞ்சாது. நீங்க விட்டதை அடுத்த அபார்ட்மென்ட் வாங்கும். லாரிக்காரனுக்கு ஆள் பஞ்சமா? நிலத்தடி நீரை இஷ்டத்துக்கு எடுக்கக் கூடாதுன்னு சென்னைக்கும் சுத்துப்பட்டு ஊருக்கும் 1987லயே சட்டம் போட்டாச்சு. மீட்டர் வைக்கணும்னா அந்தக் கிணத்து மோட்டார்ல முதல்ல வைங்க.

குழாய்ப்பாண்டி:
வியாசர்பாடி தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா பெரிய அளவுல நடக்கறதும் இருக்கு. கோயம்பேட்டுல சாக்கடைத் தண்ணியைச் சுத்திகரிச்சு தினம் 4.5 கோடி லிட்டர் வரைக்கும் தொழிற்சாலைகளுக்கு அனுப்பற நிலையம் இருக்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகுது. அவ்வளவு நல்ல தண்ணி ஊருக்கு மிச்சம். கணக்குப்புள்ள சார், உங்க வளாகத்துல சுத்திகரிப்பு நிலையம் இருக்குமே, அது ஓடுதா, இல்ல ஆய்வுக்கு ஆள் வர்ற அன்னிக்கு மட்டும் சுவிட்ச் போடறீங்களா?

கணக்குப்புள்ள:
ஓடுது. ஆனா அந்தச் சுத்திகரிச்ச தண்ணி ஃபிளஷ்ல வந்தா நாத்தம் வருதுன்னு பாதிப் பேர் அதோட வால்வை மூடி வச்சிருக்காங்க.

பழையமீட்டர் (வேளச்சேரி):
எங்க வளாகத்துல மீட்டர் போட்டாச்சு, அதனால பார்த்ததைச் சொல்றேன். யாரும் சீக்கிரம் குளிக்கல, துணியைச் சேர்த்து வச்சுத் துவைக்கல. மொத மாச பில்லைப் பார்த்ததும் அவங்கவங்க வீட்ல ஒழுகற ஃபிளஷைத் தேடினாங்க, சத்தமே இல்லாம ராப்பகலா ஓடிட்டிருந்ததெல்லாம் அப்பதான் தெரிஞ்சது. செலவு இறங்கினதுல பெரும்பங்கு அதுதான். ரெட்டிப்பு விலையால ஒண்ணும் ஆகல. வசதி இருக்கறவர் கட்டிட்டு, "காசு குடுத்தாச்சுல்ல"ன்னு இன்னும் தாராளமாத் திறக்கறார். வாடகைக்கு நெருக்கிக் குடியிருக்கறவங்கதான் எண்ணி எண்ணி ஊத்தறாங்க. எங்க சங்கத்துல இன்னமும் ஓயாத சண்டை வேற ஒண்ணு: பூட்டிக் கிடக்கற வீடு லாரிச் செலவுல பங்கு தரணுமா வேண்டாமா?

மூணாம்மாடி:
இதைத்தான் நானும் கத்தறேன். ஒழுகலைக் கண்டுபிடிக்க மீட்டர் போதும், அபராதம் எதுக்கு?

கணக்குப்புள்ள:
சரி, தீர்மானத்தை இப்படி மாத்திக் கொண்டு வரேன். மொத ஆறு மாசம் ரீடிங் மட்டும், பில் கிடையாது. ரீடிங் அந்தந்த வீட்டுக்கு மட்டும் போகும், குரூப்ல வராது. ரெட்டிப்பு விலை வேணுமான்னு அதுக்கப்புறம் வாக்கெடுப்பு. ஆனா நான் அதை விடப் போறதில்ல. விலை இல்லாத பொருளை யாரும் எண்ண மாட்டாங்க.

மூணாம்மாடி:
மொத ஆறு மாசத்துக்குக் கை தூக்கறேன். வாக்கெடுப்பு அன்னிக்கு எதிர்ல உக்காருவேன்.

வியாசர்பாடியான்:
வீடு வீடா ரீடிங் எடுக்கறது யாருண்ணே? வாட்ச்மேன்தானே? அவருக்குக் குடுத்திருக்கற ரூமுக்கும் 135 உண்டா?

குழாய்ப்பாண்டி:
அப்படியே கீழ பொதுக் குழாய்ல தினமும் ஹோஸ் மாட்டிக் கார் கழுவறாங்களே, அது எந்த வீட்டு மீட்டர்ல ஏறும்னும் ஞாயித்துக்கிழமை கேட்டுச் சொல்லுங்க.