பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, 12-ஆம் லெவல்: நிழலை வெட்டினால் நானே சாகிறேன்

கேள்வி:
1990-ல் வந்த டாஸ் பதிப்பை டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஆடுகிறேன். 12-ஆம் லெவலில் உச்சிக்கு ஏறியதும் என் இளவரசனின் நிழல் வாளோடு எதிரே நிற்கிறது. ஒரு வெட்டு வெட்டினால் என் உயிரிலும் ஒன்று குறைகிறது. கடைசி வெட்டில் இருவரும் காலி. சேவ் செய்ததைத் திறந்தால் ஆட்டத்தை முடிக்க மிச்சம் 6 நிமிடம்தான். போதாக்குறைக்கு, சண்டை நடுவில் விண்டோஸ் பெட்டி ஒன்று குறுக்கே வருகிறது.

பதில் 1:
வெட்டவே கூடாது. 4-ஆம் லெவலில் கண்ணாடிக்குள் பாய்ந்தபோது உயிர் ஒன்றுக்கு இறங்கியதே, அப்போது உங்களிடமிருந்து பிரிந்தவன்தான் அவன். எதிரே வந்ததும் கீழ் அம்பை அழுத்தி வாளை உறையில் போடுங்கள். அவனும் போடுவான். அதன்பின் ஷிஃப்ட் பக்கம் விரலே போகக் கூடாது. தொட்டால் வாள் மறுபடி வெளியே வரும், அவனும் உருவுவான். வெறுங்கையோடு நேராக அவனை நோக்கிப் போங்கள். திரை மின்னும், இருவரும் ஒன்றாகிவிடுவீர்கள்.

எனக்கு இந்த ஆட்டத்திலேயே மிகப் பிடித்த இடம் இது. ஆட்டம் முதலில் உருவான ஆப்பிள் 2 கணினியில் இன்னொரு பாத்திரத்தை வரைய மெமரி போதவில்லை. அதனால் ஆட்டத்தை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் இளவரசனின் படங்களையே கொஞ்சம் மாற்றி நிழலாக்கினார். அந்தப் பற்றாக்குறையில் பிறந்தவன்தான் கதைக்கே உயிர்.

பதில் 2:
நேரம் பற்றி: சேவ் செய்யும் கண்ட்ரோல் + ஜி லெவலின் தொடக்கத்தை மட்டுமே நினைவில் வைக்கும்; ஆனால் கடிகாரத்தை நீங்கள் அழுத்திய நொடியில் உள்ளபடி எழுதிவிடும். லெவலின் பாதியில் சேவ் செய்தால் ஆட்டம் முதலிலிருந்து, நேரம் மட்டும் பாதியிலிருந்து. புது லெவலில் கால் வைத்ததுமே சேவ் செய்யுங்கள். ஒரே ஒரு சேவ்தான் இருக்கும், அடுத்தது பழையதை அழித்துவிடும். அதனால் PRINCE.SAV என்ற கோப்பை லெவலுக்கு ஒன்றாக வேறு ஃபோல்டரில் நகல் எடுத்து வையுங்கள்.

அந்தப் பெட்டி ஸ்டிக்கி கீஸ் என்ற விண்டோஸ் வசதியுடையது. ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் வரும். இங்கே வெட்டுவதே ஷிஃப்டில்தானே! செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள்.

இடையில் ஒருவர்:
எனக்கும் நேரப் பிரச்சினைதான். 4-ஆம் லெவல் வந்ததுமே 15 நிமிடம் என்று காட்டுகிறது. சேவ் எதுவும் செய்யவில்லை.

பதில் 2:
ஷிஃப்ட் + எல் போட்டு லெவல் தாண்டினீர்களா? அதற்கு ஆட்டம் வாங்கும் விலை அது. மிச்சம் எவ்வளவு இருந்தாலும் 15-க்கு இறக்கிவிடும். முதல் மூன்று லெவலையும் ஆடியே கடந்துவிடுங்கள். 3-ஆம் லெவல் எலும்புக்கூடு வாளுக்குச் சாகாது, வெட்டி வெட்டிப் பின்னுக்குத் தள்ளி விளிம்பிலிருந்து விழ வைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
சேர்ந்துவிட்டோம்! மிக்க நன்றி. ஆனால் எதிரே பெரிய வெற்றிடம். தாண்டினால் எட்டாத தூரம்.

பதில் 1:
தாண்ட வேண்டாம், ஓடுங்கள். ஒன்றான பிறகு ஓட ஓடக் காலடியில் தளம் தானே முளைக்கும். 13-ல் நுழைந்த பிறகும் வேகத்தை விடாதீர்கள், தலைக்கு மேலிருந்து கற்கள் விழும்.