வீட்டு முகவரி இல்லாத பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது எப்படி?

கேள்வி: வடசேரி வாசகர்

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தை அடுத்த கடைத் திண்ணையில் இரவு தங்கும் ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். தாயும் தகப்பனும் கோயில் கொடை, திருவிழா நடக்கும் ஊர்களுக்குச் சென்று பலூன் விற்கிறார்கள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. மகள் திருநெல்வேலிப் பக்கம் இரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறாள். வாடகை கொடுக்க வழியில்லாமல் வீட்டைக் காலி செய்தபோது பள்ளியில் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கவில்லை. ரேஷன் கார்டும் ஆதாரும் இருந்த பை பின்னர் தொலைந்துவிட்டது. பக்கத்துப் பள்ளியில் கேட்டதற்கு, முகவரிச் சான்றும் டி.சி.யும் வேண்டும், சேர்க்கைக் காலமும் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் கடைகளின் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துத் தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பதை நாள்தோறும் பார்க்கிறேன். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கலாம் என்றால், பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தாய் அஞ்சுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: வழக்கறிஞர், நாகர்கோவில்

பள்ளி சொன்ன காரணங்களில் ஒன்றுகூடச் சட்டத்தின் முன் நிற்காது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எந்தக் குழந்தைக்கும் வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது (பிரிவு 14). டி.சி. வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது (பிரிவு 5). சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும் (பிரிவு 15). ஆதார் இல்லாததால் எந்தக் குழந்தைக்கும் பள்ளிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாக்கியிருக்கிறது. இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உள்ளாட்சி அமைப்பின் கடமையாகவே பிரிவு 9 வைத்திருக்கிறது.

பிரிவு 32இன்படி எழுத்துமூலம் புகார் தரலாம். ஆனால் அதைத் தீர்க்க மூன்று மாதம் வரை அவகாசம் உண்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதம் மிக நீண்ட காலம். ஆகவே முதலில் வட்டாரக் கல்வி அலுவலரை நேரில் பாருங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தக்கலை

வழக்கறிஞர் சொன்னது சரி. ஆனால் சட்டப் பிரிவைச் சொல்லிப் பள்ளியோடு மோதுவதற்கு முன், வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள், பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கண்டறிந்து சேர்ப்பது அவர்களுடைய பணிதான். மகள் முன்பு படித்த பள்ளியின் பெயர் தெரிந்தால், மாணவர் விவரங்களை வைத்திருக்கும் அரசின் எமிஸ் கணினிப் பதிவிலிருந்து அவளுடைய விவரங்களை எடுத்துவிடலாம்.

அவளை மறுபடியும் இரண்டாம் வகுப்பில் உட்கார வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரிவு 4இன்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்ட பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். சேர்ந்துவிட்டால் பாடநூல், சீருடை, காலை உணவு, மதியச் சத்துணவு எல்லாம் பள்ளியிலேயே கிடைக்கும். ஆனால் திண்ணையில் தூங்கும் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகத்தை மழையில் நனையாமல் வைக்க இடமில்லை, துவைத்த சீருடையைக் காயப்போடக் கொடியும் இல்லை. பையையும் மாற்றுச் சீருடையையும் வகுப்பு அலமாரியிலேயே வைத்துக்கொள்ள ஆசிரியரிடம் கேளுங்கள். சேர்ந்த பிள்ளை இரண்டே வாரத்தில் நின்றுபோவது பெரும்பாலும் இப்படிப்பட்ட காரணத்தால்தான், இதை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பதில்: குழந்தைகள் நலப் பணியாளர், மார்த்தாண்டம்

அந்தத் தாயின் அச்சத்தை அலட்சியம் செய்யாதீர்கள், அது காரணமில்லாத அச்சமல்ல. வீடும் பிழைப்பும் இல்லாத குழந்தையை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுபவராகக் கருதுகிறது. ஆயினும் குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கோட்பாடு. இந்தப் பெற்றோர் உழைக்கிறார்கள், பிள்ளைகளைக் கூடவே வைத்துக் காக்கிறார்கள். இதை எடுத்துச் சொல்லி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிதி ஆதரவு உதவிக்கு விண்ணப்பிக்கலாம். தாயைக் கேட்காமல் 1098ஐ அழைக்க வேண்டாம், அவர் சம்மதித்தால் நீங்களும் உடன் இருங்கள். குடும்பமாகத் தங்க நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடத்தில் இடமுண்டா என்று மாநகராட்சியிலும் விசாரியுங்கள்.

வடசேரி வாசகர்

மூவருக்கும் நன்றி. பங்குனி, சித்திரைக் கொடைக் காலத்தில் இவர்கள் ஊர் ஊராகப் போவார்களே, அப்போது படிப்பு என்ன ஆகும்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தக்கலை

சில நாட்கள் என்றால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகட்டும். பெயரை நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரையே விட்டுப் போவதாக இருந்தால் இந்த முறை டி.சி.யையும் எமிஸ் எண்ணையும் கையோடு வாங்கச் சொல்லுங்கள். கேட்டதும் கொடுத்தாக வேண்டும். அந்த எண்ணை உங்கள் கைப்பேசியிலும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.