குடியை விட்ட அண்ணன், இப்போ ஓயாம காபி

அண்ணனுக்கு வயசு 43, ஊர் திண்டுக்கல். பொங்கலோட குடியை விட்டாச்சு. தினம் காலையில டைசல்ஃபிராம் (குடியை விட்டவங்க மறுபடி குடிக்காம இருக்கக் கொடுக்கிற) மாத்திரை, ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கிற குழு) கூட்டத்துக்கும் ஒழுங்கா போறார். பிரச்சனை இப்போ காபி. டிகாஷன் இறங்க இறங்கக் காலியாகுது. சாயங்காலம் ஆறு மணி, முன்னாடி மதுக்கடைக்குக் கிளம்புற நேரம், அப்போதான் ரொம்ப மோசம்: டம்ளரைக் கீழ வைக்காமலே அடுத்தது கேக்குறார். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் இல்ல, நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம். நடுக்கத்தைப் பார்த்து மறுபடி குடிச்சுட்டானோன்னு அம்மா பயந்துட்டாங்க. இல்லை, காபிதான்.

சிக்கரி கூடுதலா கலந்த தூள் வாங்கினோம், ரெண்டு டம்ளர் சேர்த்துக் குடிச்சார். சுக்கு காபி ஒரு வாய்க்கு மேல இறங்கல. ஒரேயடியா நிறுத்தினப்போ தலைவலி, எரிச்சல். "இதுவும் கூடாதுன்னா நான் என்னதான் குடிக்கிறது"ன்னு கத்தினார். அதோட விட்டுட்டோம்.

டைசல்ஃபிராம் எடுத்தா காஃபின் உடம்பை விட்டுப் போக நேரமாகும். அதுக்காக மாத்திரையை நிறுத்துற பேச்சே இல்ல. டாக்டரை அடுத்த வாரம்தான் பார்க்க முடியும்.

இதே மாத்திரையில இருந்துகிட்டு காபியைக் குறைச்சவங்க வீட்டுல, அந்தச் சாயங்கால நேரத்துக்கு என்ன குடிக்கக் கொடுத்தீங்க?